முப்பத்தெட்டாவது பத்திரிகை

என் சகலை ராஜவேலுவிடம் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டர் சொல்ல மாட்டார். "காவலூர் வரைக்கும் மூச்சு வாங்கும், அப்பால வவுறு பசிக்கும், அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல" என்பார். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுக்க எழுதுகிற என்னிடம் ஒருவர் இப்படிப் பேசினால் எரிச்சல் வருமா வராதா? எனக்கு வரும். ஆனால் அந்த மனிதரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அவர் அக்கா வடிவைக் கட்டினார், நான் தங்கை மஞ்சுளாவைக் கட்டினேன். பெண்கள் இருவருக்கும் ஊர் மலைமேல் நெல்லிவாசல்நாடு. சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணன் தாண்டவராயன்தான் சாமை விதைத்தும் புளி உலுக்கியும் இரண்டு தங்கைகளையும் வளர்த்தார். இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்கென்று ஒரு பெண் பார்த்தார். அதனால் எங்கள் இரண்டு வீட்டிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவரும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

ராஜவேலுவுக்குப் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தெரு, ஆறு மணிக்கு அடுத்த தெரு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஏழெட்டுப் பேர் சைக்கிளிலேயே ஜவ்வாது மலையைச் சுற்ற வந்தார்கள். அதில் பிரகாஷ் என்பவருக்கு ஆலங்காயத்திலேயே காய்ச்சல் கண்டுவிட்டது. வண்டியை ராஜவேலுவின் பம்ப் ரூமில் விட்டுவிட்டு காரில் ஊர் திரும்பினார். இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். வந்து பார்த்தால் சைக்கிள் புதிது போல இருக்கிறது. தினமும் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலே கோணி போர்த்தி வைத்திருக்கிறார் நம் ஆள்.

"ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார் பிரகாஷ்.

"உங்க வண்டி சார். நான் எப்பிடி ஓட்றது?"

பிரகாஷ் அந்த சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சாவியை ராஜவேலு கையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரை வாணியம்பாடி பேருந்தில் ஏற்றிவிட்டது நான்தான்.

அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. முதலில் காவலூர் வரை போனார். அடுத்த மாதம் ஜமுனாமரத்தூர். பிறகு வருடத்துக்கு ஒருமுறை நான்கைந்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. வண்டிக்குப் பின்னால் ஒரு கேரியர் போட்டுக்கொண்டார். உரச் சாக்கை வெட்டி வடிவக்கா இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பைகள் தைத்துக் கொடுத்தார். அதில் ஒரு பக்கம் துணி, போர்வை; இன்னொரு பக்கம் பம்ப், டியூப், பஞ்சர் ஒட்டுகிற சாமான், அவல், வெல்லம். சட்டைப் பையில் ஒரு நோட்டு. போகிற வழியெல்லாம் அதில் எழுதுவார். நான் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறேன். "பலா மரம் தாண்டி ஏத்தம். கடைசி கியர். எறங்காதே." "இங்க குழாய்த் தண்ணி நல்லா இருக்கும்." "நாய் ரெண்டு. ஒண்ணு நல்லது." இதுதான் அவருடைய பயண இலக்கியம்.

"பஸ்ஸு கீது, ஜீப்பு கீது, எதுக்கு சகல இந்த வயசுல இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ்ஸுல போனா உன்ன யாராச்சும் கூப்ட்டு மோர் குடுப்பாங்களா?" என்றார்.

கொடுக்க மாட்டார்கள்தான். ஏற்றத்தில் சைக்கிள் நடை வேகத்தில்தான் போகும். வேலி ஓரம் நிற்கிறவர்கள் பேசிக்கொண்டே கூட நடக்கலாம். அப்படியே மலைமேல் பாதிப் பேருக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

போன வருடம் அவர் மகள் ரம்யாவுக்கு ஐப்பசியில் கல்யாணம் முடிவானது. சொந்தக்காரர்கள் முப்பத்தெட்டு வீடு, மலைமேலும் மலைக்கு அந்தப் பக்கமும் சிதறிக் கிடக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரிகையைப் போனில் அனுப்பினால் அது செய்தி, அழைப்பு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். ராஜவேலு சந்தோஷமாக, "சைக்கிள்லயே ஒரு சுத்து போய் வெச்சிட்டு வந்துடறேன்" என்றார். வடிவக்காவும் ஒப்புக்கொண்டார்.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் கிடையாது. மாமன் மாலை போட்டு, கை பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தால்தான் பெண் மணையில் உட்காருவாள். வடிவக்காவுக்கு அது வெறும் சடங்கும் இல்லை. "எங்க பக்கம்னு வந்து நிக்க அவர் ஒருத்தர்தான்" என்று பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டார். அண்ணனுக்கும் ஒருநாள் போன் கிடைத்தபோது, "வெள்ளிக்கெழம அவரு கெளம்புறாரு அண்ணா" என்றார்.

இங்கேதான் என் சகலையின் மூளை வேலை செய்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவன் வழியை எப்படிப் போடுவான்? சுமையையும் ஏற்றத்தையும் பார்த்துத்தான். கிளம்பும்போது இரண்டு பையும் கனம். முப்பத்தொன்பது பத்திரிகை, ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு, பாக்கு, தேங்காய். வீடு வீடாகக் கொடுக்கக் கொடுக்கக் கனம் குறையும். ஆகவே முதலில் காவலூர், ஜமுனாமரத்தூர். பிறகு கிழக்கே இறங்கி படவேடு. திரும்ப மேலே ஏறி வழியில் மிச்சமுள்ள வீடுகள். இருப்பதிலேயே கடுமையான ஏற்றம் நெல்லிவாசல்நாட்டு ஏற்றம். அதைக் கடைசியில், காலிப் பையோடு ஏறிவிட்டு, மச்சான் வீட்டில் ஆற அமர ஒருநாள் தங்கிவிட்டு வரலாம்.

நோட்டில் இதை எழுதி என்னிடம் காட்டினார். நானும் பார்த்தேன். "பிரமாதம் சகல" என்றேன். இருபது வருடம் பேருந்துகளுக்கு நேரம் போட்டவன், வழி சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். தாய்மாமன் வீடு கடைசி வரியில் இருக்கிறதே என்று எனக்கும் உறைக்கவில்லை. சாமிக்கு அடுத்து முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததால்தானோ என்னவோ, வடிவக்காவும் அதைத் தனியாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயிலில் ஒரு பத்திரிகை வைத்துவிட்டுக் கிளம்பினார். ஜமுனாமரத்தூரில் ஒரு ராத்திரி, சனிக்கிழமை மத்தியானம் படவேடு. அங்கே கோயில் பக்கத்தில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் கோபால் அவருக்குப் பெரியம்மா பிள்ளை. கோபால் சும்மா இருக்காமல், தட்டையும் பத்திரிகையையும் படம் எடுத்து, "கல்யாணப் பத்திரிகை வந்தாச்சு" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஆளாளுக்குக் கை கூப்பினார்கள். எங்களுக்கும் வந்துவிட்டது என்று இன்னும் நான்கு வீட்டுக்காரர்கள் படம் போட்டார்கள். தாண்டவராயன் வீட்டில் போன் எடுக்காது. மேலே பாறைக்குப் போனால்தான் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் பாறைக்குப் போனார்.

திங்கட்கிழமை மத்தியானம் ராஜவேலு அந்த ஏற்றத்தை ஏறினார். நான்கு நாள் ஓட்டிய கால். ஓர் இடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லையாம். பையில் ஒரே ஒரு பத்திரிகை, நான்கு வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம். மச்சானைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் பாட்டு வேறு பாடிக்கொண்டு போனாராம். அவர் பாட்டை நான் கேட்டிருக்கிறேன். காட்டெருமை இருந்தால் ஓடியிருக்கும்.

மாட்டுக் கொட்டகை ஓரம் தாண்டவராயன் நின்றுகொண்டிருந்தார். "வாங்க மாப்ள. ஒக்காருங்க. தண்ணி குடிங்க" என்றார். எங்கள் மச்சானுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். அது ராஜவேலுவுக்கு அப்போது புரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி நீட்டினார். தாண்டவராயன் கை நீட்டவில்லை.

"இது எத்தினியாவது பத்திரிகைங்க, மாப்ள?"

நானாக இருந்தால் ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன். என் சகலைக்கு அந்தத் திறமை கிடையாது. மனசுக்குள் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு, மச்சான்" என்றார்.

"முப்பத்தேழு வூடு முட்ச்சிட்டு எங்க வூடு. சரிங்க."

"அப்பிடி இல்ல மச்சான். உங்க ஏத்தம்தான் ரொம்பக் கஷ்டம். சுமை கொறஞ்ச அப்பால ஏறலாம்னு..."

"எங்க வூட்டுக்கு வர்றது உங்களுக்குக் கஷ்டமா பூடுச்சிங்களா? பரவால்ல. தட்ட எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராஜவேலு தட்டோடு வாசலிலேயே நின்றார். தாண்டவராயனின் மனைவி கன்னியம்மாள்தான் பின்பக்கமாக வந்து விஷயத்தைச் சொன்னது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறார் என்றதும், வெள்ளிக்கிழமையே முதல் வேலையாக இங்கேதான் வருவார் என்று மச்சான் கோழியைப் பிடித்துக் கட்டி வைத்துவிட்டாராம். சனிக்கிழமையும் கட்டியேதான் இருந்தது. நிலத்தில் சாமை முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. மற்றவர்கள் எல்லோரும் அறுத்துவிட்டார்கள். இவர் மட்டும், மாப்பிள்ளை தட்டோடு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று நான்கு நாளாக நிலத்துப் பக்கம் போகவில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் மணி எல்லாம் மண்ணில் கொட்டிவிடும். கிழக்கே வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது.

ராஜவேலு பாறைமேல் ஏறி வடிவக்காவுக்குப் போன் போட்டார். "அண்ணன் வாங்கல. தப்பு எம்பேர்லதான். நான் இங்கயே கீறேன்" என்றார். வடிவக்கா போனை வைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "எங்க அண்ணன் வராம எம்பொண்ணு மணையில ஒக்கார மாட்டா. சொல்லிட்டேன். எல்லாம் அந்தப் பாழாப்போன சைக்கிளால" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நோட்டை நானும் பார்த்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பேருந்தில் மலை ஏறினேன்.

போய்ப் பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. நிலத்துக்குப் போனேன். ஒரு கோடியில் தாண்டவராயனும் கன்னியம்மாளும் சாமை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு கோடியில் என் சகலை, சைக்கிள் ஓட்டுகிற அரைக்கால் சட்டையோடு குனிந்து அறுத்துக்கொண்டிருக்கிறார். இடது கை விரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னா சகல இது?" என்றேன்.

"நேத்து கன்னியம்மா தங்கச்சியாண்ட அருவா கேட்டு வாங்கினேன். என்னாலதானே நின்னுச்சி இந்த அறுப்பு" என்றார்.

"மச்சான் இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. போன்னும் சொல்லல."

நானும் ஓர் அரிவாள் வாங்கிக்கொண்டு குனிந்தேன். இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்பு. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அன்று முழுக்க அறுத்தோம். மறுநாள் மத்தியானம் வரை அறுத்துக் கட்டினோம். சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மாள் களி உருண்டையை எல்லோருக்கும் வைத்தது. தாண்டவராயன் எங்களைப் பார்க்காமல் சாப்பிட்டார். பார்க்காமலேயே குழம்புச் சட்டியை மட்டும் ராஜவேலு பக்கம் நகர்த்தினார். சாயங்காலம் கடைசிக் கட்டைக் கொட்டகைக்குள் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது.

மூன்று பேரும் கொட்டகையில் சாமைக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். ராஜவேலு விரலில் சுற்றிய துணியைப் பிரித்துத் திரும்பக் கட்டப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. தாண்டவராயன் வந்து அதை வாங்கிக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"மொதல்ல, கடைசின்றது கூட பரவால்ல மாப்ள. நாலு நாளு அந்த வளைவையே பாத்துகினு ஒக்காந்துனு இருந்தேன், உங்க சைக்கிளு தெரியுமான்னு. வெள்ளிக்கெழம 'இப்ப வந்துடுவாரு, இப்ப வந்துடுவாரு'ன்னு கன்னியம்மாவாண்ட சொல்லிகினே இருந்தேன். சனிக்கெழம அவ என்ன ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கெழம நான் அவ மூஞ்சயே பாக்கல."

ராஜவேலு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "எனக்கு அந்தப் புத்தி இல்லாம பூடுச்சி மச்சான். கடைசியா வந்தா உங்க கூட ஒரு நாளு தங்கலாம்னுதான் நெனச்சேன்" என்றார். எனக்கும் தாங்கவில்லை. "நானும் அந்த நோட்டப் பாத்தேன் மச்சான். எனக்கும் தோணல" என்று சொல்லிவிட்டேன்.

தாண்டவராயன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டைம் கீப்பருதானே? உங்களுக்கு எல்லாம் லேட்டாதான் தோணும்" என்றார். பிறகு ராஜவேலு பக்கம் திரும்பி, "எங்க அந்தத் தட்டு?" என்று கேட்டார்.

"வெத்தல வாடிப்பூடுச்சி, மச்சான்."

"வாடினா இன்னா. குடுங்க."

மழையில் நனைந்தபடி வீட்டுக்குள் போய், தலையைத் துடைத்துக்கொண்டு, தோளில் துண்டு போட்டு, கன்னியம்மாளையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி ஆயிற்று.

மறுநாள் காலையில் ஒரு சாக்கில் பழைய சாமையைக் கட்டி, "மொதல்ல தங்கச்சிய பாத்துட்டு வந்துடறேன். அப்பால சீரு எடுத்துகினு மொறையா வர்றேன்" என்று கிளம்பினார். மலைப் பேருந்தில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். கீழே இறங்குவதென்றால் நடைதான். சாக்கை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினோம். "நீ ஓட்டிகினு போ சகல, அவரு மெதுவா வரட்டும்" என்றேன் நான். சைக்கிள்காரன் ஏற்றம் ஏறுவதே இறக்கத்துக்காகத்தான். பெடல் மிதிக்காமல், காற்று காதில் அடிக்க, ஒரு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம். ராஜவேலு தலையை ஆட்டிவிட்டு ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மச்சானோடு நடந்தார். நான் பேருந்தில் போனேன். ஒரு வளைவில் அவர்களைத் தாண்டினோம். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வடிவக்கா வாசலுக்கு ஓடிவந்தார். அண்ணனைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தாண்டவராயன், "பத்திரிகை வந்துச்சி வடிவு" என்று மட்டும் சொன்னார். வடிவக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினார். கால் வீங்கியிருந்தது.

பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை போனை வைத்ததிலிருந்து அவரோடு பேசவே இல்லை. "எல்லாம் எறக்கம்தானே? நீங்களாவது ஓட்டிகினு வந்துருக்கலாமே, எதுக்கு இவ்ளோ தூரம் தள்ளிகினு வந்தீங்க?" என்று கேட்டார்.

"சாக்கு கனம். எறக்கத்துல பிரேக்கு நிக்கல. அண்ணன்தான் பின்னாலயிருந்து கேரியர இழுத்துப் புடிச்சிகினே வந்தாரு" என்றார் ராஜவேலு.

"எது வரைக்கும்?"

"மலை எறங்குற வரைக்குந்தான் புடிக்கணும். அதுக்கப்புறம் ரோடு சமம்." சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "ஆனா வூடு வர்ற வரைக்கும் வுடல, வடிவு."